குற்றம் செவியினதா, நாவினதா?

வகுப்பறையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவனை நாம் எத்தனை முறை குறை கூறியிருப்போம்! ‘கவனம் இல்லை’, ‘சொன்னதைக் கேட்பதில்லை’, ‘மனம் எங்கோ அலைகிறது’ என்று அவன்மீது நாம் சுமத்தும் குற்றங்களுக்கு அளவே இல்லை. ஆனால், நாம் பேசியது அவன் செவியைச் சென்று சேர்ந்ததா என்னும் கேள்வியை நம்முள் எத்தனை பேர் எழுப்பியிருப்போம்? கேளாதவனைக் குற்றவாளியாக்குவது எளிது. கேட்கும்படி பேசாதவன் தன் குற்றத்தை உணர்வது அரிது. இவ்வெளிமைக்கும் அவ்வருமைக்கும் இடையே நிகழ்ந்த ஒரு வழக்கை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவச் செல்வங்கள் முன்னும் வைக்க விழைகிறேன். வழக்கு நிகழ்ந்த இடம் இங்கிலாந்து, ஆண்டு 2014. வழக்கிற்கு ஆளானது ஒரு தொலைக்காட்சித் தொடர்.

டாஃப்னி டு மோரியே என்னும் ஆங்கில நாவலாசிரியை 1936ஆம் ஆண்டில் ‘ஜமைக்கா விடுதி’ என்னும் நாவலை வெளியிட்டார். அவ்விடுதி கற்பனையன்று. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையாகிய கார்ன்வாலில், பாட்மின் பொட்டல்வெளியின் நடுவே, பதினெட்டாம் நூற்றாண்டில் வழிப்போக்கர் வண்டிகளுக்காகக் கட்டப்பெற்ற அந்தக் கல் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1930ஆம் ஆண்டில் தோழியொருத்தியுடன் அங்குத் தங்கிய டு மோரியே, குதிரையேறி வெளியே சென்றபோது வழி தவறினார். குதிரைகளின் போக்கில் விட்டு ஒருவாறு விடுதிக்கு மீண்டார். அந்த இருளும் அச்சமும் நாவலாகக் கருக்கொண்டன. பாழடைந்த வீடு, தனித்த பெண், மறைந்து நிற்கும் தீமை ஆகியவற்றைக் கொண்டு அச்சச் சுவையை வளர்க்கும் ‘கோதிக்’ என்னும் கதை மரபில் அந்நாவலுக்கு உறுதியான ஓர் இடம் உண்டு.

கதையைச் சுருங்கச் சொல்வேன். தாயை இழந்த மேரி யெல்லன் என்னும் இருபத்துமூன்று வயது நங்கை, தாய்க்குக் கொடுத்த வாக்கின்படி, சிற்றன்னை பேஷன்ஸிடம் அடைக்கலம் தேடி ஜமைக்கா விடுதிக்கு வருகிறாள். சிற்றன்னையின் கணவன் ஜாஸ் மெர்லின் அவ்விடுதியின் உரிமையாளன், முரடன், குடிகாரன். நள்ளிரவில் வண்டிகள் வருகின்றன. சரக்குகள் இறங்குகின்றன, ஏறுகின்றன. கள்ளக்கடத்தல் நடக்கிறது என்பதை மேரி விரைவிலேயே உணர்கிறாள். ஆயின் உண்மை அதனினும் கொடியது. பொய்விளக்குக் காட்டிக் கப்பல்களைப் பாறையில் மோதச் செய்து, கரையேற முயல்வோரைக் கொன்று, சரக்கைக் கொள்ளையிடும் கூட்டம் அது. அக்கூட்டத்தின் உண்மைத் தலைவன் ஜாஸ் அல்லன். அவள் நம்பித் தன் துயரங்களையெல்லாம் கொட்டிய ஆல்டர்நன் ஊர்ப் பாதிரியார் பிரான்சிஸ் டேவியே அத்தலைவர்.

இந்த நாவலைக் கூர்ந்து படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். இது செவியால் நடக்கும் கதை. மேரி கண்ணால் காண்பதைவிடக் காதால் கேட்பதே மிகுதி. வந்து சேர்ந்த முதல் இரவிலேயே ஜாஸ் அவளுக்கு ஒரு கட்டளை இடுகிறான்: சில இரவுகளில் சாலையில் சக்கர ஓசை கேட்கும், அந்தச் சக்கரங்கள் விடுதி வாயிலில் நிற்கும், அப்போது நீ படுக்கையை விட்டு எழாமல், போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்கிறான். எத்துணை ஆழ்ந்த கட்டளை! ‘பார்க்காதே’ என்பதோடு அவன் நிற்கவில்லை. ‘கேளாதே’ என்றும் சொல்கிறான். மேரி அக்கட்டளையை மீறுகிறாள். எழுந்து சென்று கேட்கிறாள். அந்தக் கேட்டலில்தான் கதை பிறக்கிறது. பின்னர், போதை தலைக்கேறிய ஜாஸ் தன் கொலைப் பாவங்களை அவள் செவியில் கொட்டுகிறான். கப்பலுடைப்பு என்னும் சொல் அவளை வந்தடைவது அந்தப் போதை வாயிலிருந்துதான். அந்த ஒரு சொல் கேட்கவில்லையென்றால் கதையே இல்லை.

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஜாஸின் குரல் முழக்கம். பாதிரியாரின் குரல் மென்மை. முழங்குபவனைக் கண்டு மேரி அஞ்சுகிறாள். மென்மையாகப் பேசுபவரை நம்புகிறாள். அம்மென்மையே வலை. கடைசியில், பாதிரியார் வரைந்து மறைத்து வைத்த ஒரு கேலிச் சித்திரம் அவள் கையில் கிடைக்கிறது. அதில் தேவாலயத்தில் கூடியிருப்போர்க்கெல்லாம் ஆட்டுத் தலைகள். மேடையில் நின்று போதிப்பவருக்கு ஓநாய்த் தலை. இரு குரல்களின் வேறுபாட்டைக் கேட்டு வந்த வாசகனுக்கே அச்சித்திரத்தின் கொடுமை முழுமையாக உறைக்கும்.

இனி வழக்கிற்கு வருவோம். பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமாகிய பி.பி.சி. இந்நாவலை மூன்று பகுதிகள் கொண்ட தொடராக்கி, 2014 ஏப்ரல் 21, 22, 23 ஆகிய மூன்று இரவுகளில் ஒளிபரப்பியது. எம்மா ஃப்ராஸ்ட் திரைக்கதை எழுதினார். பிலிப்பா லோதார்ப் இயக்கினார். மேரியாக ஜெசிகா பிரௌன் ஃபிண்ட்லேயும், ஜாஸாக ஷான் ஹாரிஸும், பாதிரியாராகப் பென் டேனியல்ஸும் நடித்தனர். முதல் இரவில் ஏறத்தாழ 61 இலட்சம் பேர் பார்த்தனர். இரண்டாம் இரவில் அத்தொகை ஏறத்தாழ 45 இலட்சமாகக் குறைந்தது. குறைந்ததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். எல்லாப் பழியையும் ஒன்றின்மீது ஏற்ற மாட்டேன். ஆனால், பார்த்தவர்கள் எழுப்பிய முறையீடு ஒன்றுதான்: ‘இவர்கள் பேசுவது விளங்கவில்லை!’ அவ்வாறு முறையிட்டோர் தொகை இரண்டாயிரத்தைத் தாண்டியது. முதலில் அது ஒலி அளவைப் பற்றிய தொழில்நுட்பக் குறை எனச் சொல்லப்பட்டது. அடுத்த பகுதிகளில் ஒலி சரிசெய்யப்பட்டது. அப்போதும் முறையீடு ஓயவில்லை. திருகைத் திருப்பினால் தீர்ந்துவிடும் குறை அன்று அது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நான் அத்தொடரைப் பின்னர் ஒளிவட்டில் பார்த்தேன். என் அருகில் என் மகள் அமர்ந்திருந்தாள். முதல் பத்து நிமிடங்களில் பாதி உரையாடல் எனக்கு எட்டவில்லை. ‘ஆங்கிலம் நமக்குப் பிறமொழி, நம் செவிதான் பழகவில்லை’ என்று என்னையே நொந்துகொண்டேன். மகளிடம் சொல்லவும் நாணினேன். சற்றுப் பொறுத்து அவளே, ‘அப்பா, உங்களுக்குப் புரிகிறதா? எனக்கு ஒன்றுமே புரியவில்லை’ என்றாள். இருவரும் சிரித்தோம்; பின்னர் திரையின் அடியில் உரையாடலை எழுத்தில் காட்டும்படி செய்து எஞ்சிய பகுதியைப் ‘படித்தோம்’. அம்மொழியைத் தாய்ப்பாலோடு பருகியவர்களும் இதே துன்பத்திற்கு ஆளானார்கள் என்பதைப் பிறகு அறிந்தேன். அறிந்தபோது ஆறுதல் தோன்றவில்லை; சினமே தோன்றியது. தொகையில் வராத எத்தனையோ பேர் என்னைப் போலவே தம் செவியை நொந்துகொண்டு வாய்மூடி இருந்திருப்பார்கள் அல்லவா?

இத்தொடருக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வாதங்களையும் மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

‘இயல்பு நடிப்பு இதுவே. குடிகாரன் குழறுவான், கார்ன்வால் நாட்டுப்புறத்தான் தன் வட்டார வழக்கில்தான் பேசுவான், மேடைப் பேச்சாளனைப்போல் ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எண்ணிப் பேச மாட்டான்’ என்பது முதல் வாதம். கேட்பதற்கு நயமான வாதந்தான். ஆயின் குழறுபவனாக நடிப்பது வேறு, குழறுவது வேறு. அழுபவனாக நடிக்கும் நடிகன் அவையோரைத் தன் கண்ணீரால் குருடாக்குவதில்லை. முடவனாக நடிப்பவன் மேடையைக் கடக்க முடியாமல் விழுந்து கிடப்பதில்லை. கலை என்பதே, இயல்பு என்று தோன்றுமாறு செய்து, அதே வேளையில் எதிரில் இருப்பவனுக்கு எட்டுமாறும் செய்வதன்றோ? வட்டார வழக்கின்மீது பழி போடுவதும் முறையன்று. எந்த வட்டாரத்து உழவனும் தன் அண்டை வீட்டானுக்கு விளங்கும்படியே பேசுகிறான். வழக்கு வேறு, முணுமுணுப்பு வேறு.

‘தொலைக்காட்சி காட்சிக் கலை, சொல் கேட்காவிடினும் படம் பேசும்’ என்பது இரண்டாம் வாதம். இத்தொடரின் படம் பேசத்தான் செய்கிறது. சேறும் மூடுபனியும் கறுத்த வானமும் சேர்ந்து அப்பொட்டல்வெளியின் தனிமையை நெஞ்சில் பதிக்கின்றன. ஷான் ஹாரிஸின் ஜாஸ் வெறும் முரடன் அல்லன். தன் பாவத்தாலேயே தின்னப்படும் மனிதன். இவற்றைப் பாராட்டாமல் இருப்பது நேர்மையாகாது. படப்பிடிப்பு முழுவதும் கார்ன்வாலில் நடக்கவில்லை என்று குறைபட்டவர்களோடும் நான் சேர மாட்டேன். ஆயினும், போர்வைக்குள் கிடந்து காதைத் தீட்டிக் கேட்கும் ஒரு பெண்ணின் கதையில், அவள் கேட்டதைப் பார்ப்பவன் கேட்கவில்லையென்றால், அவன் கதைக்கு வெளியே நிற்கிறான் என்பதுதானே பொருள்? கடல்வெளியைப் படம் பிடித்துக் காட்டலாம். காதில் விழுந்த ஒரு சொல்லை எந்தப் படத்தால் காட்ட முடியும்? எல்லாரும் ஒரே தணிந்த குரலில் முணுமுணுத்தால், முழங்கும் ஜாஸுக்கும் மெல்லப் பேசும் பாதிரியாருக்கும் என்ன வேறுபாடு? வலையின் மென்மை எங்கே? ஓநாய் எங்கே?

மூன்றாம் வாதம், பார்ப்பவரையும் அவர் வீட்டுப் பெட்டியையும் நோக்கிப் பாய்வது. இக்காலத் தொலைக்காட்சிப் பெட்டிகள் தகடுபோல் மெலிந்துவிட்டன. ஒலிபெருக்கிகள் சிறுத்துப் பின்புறமோ அடிப்புறமோ போய்விட்டன. முதியோர் செவியும் மந்தம் என்கின்றனர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், அப்பெட்டிகளில்தான் மக்கள் பார்க்கப் போகிறார்கள் என்பது படைப்போர் அறியாததா? அதே பெட்டியில், அதே செவியால், அன்றைய செய்தியறிக்கையை அவர்கள் கேட்டார்கள் அல்லவா? இன்னொரு கோணத்திலும் பாருங்கள். உரையாடலை எழுதியவர் அதை அறிவார். நடிப்பவர் மனப்பாடம் செய்திருக்கிறார். இயக்குபவர் பன்முறை கேட்டிருக்கிறார். அவர்களுள் எவரும் அச்சொற்களை முதன்முறையாகக் கேட்பவர் அல்லர். முன்பே அறிந்தவனுக்கு முணுமுணுப்பும் தெளிவாகவே கேட்கும். முதன்முறை கேட்பவன் ஒருவனை நினைவில் நிறுத்தாமையே இப்பிழையின் வேர்.

இந்த மூன்றாம் வாதந்தான் என்னைப் பெரிதும் வருத்துகிறது. சொல் விளங்கவில்லை என்பவனிடம் ‘உன் செவியைப் பார், உன் பெட்டியை மாற்று’ என்பது என்ன அறம்? ஜாஸ் மெர்லின் மேரிக்கு இட்ட கட்டளையை நினைவுகூருங்கள். கள்ளக்கடத்தல் என்னும் தொழிலே பிறர் செவியை மூடச் செய்து வாழ்வது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தேயிலைமீது நூற்றுக்கு 119 என்ற அளவில் தீர்வை இருந்தது. அதனால் கள்ளத் தேயிலை கடற்கரையெங்கும் வந்திறங்கியது. 1784ஆம் ஆண்டில் அத்தீர்வை 12.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்ட பின்னரே அத்தேயிலை வாணிகத்தின் ஊதியம் ஒழிந்தது. கடத்தியவர் சிலர், சக்கர ஓசையைக் கேட்டும் கேளாதவராகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் பலர். டு மோரியே காட்டும் கொடுமையின் ஒரு பாதி கொள்ளையரிடம் இருக்கிறது. மறுபாதி போர்வைக்குள் கிடக்கும் பேஷன்ஸ் போன்றவர்களின் மௌனத்தில் இருக்கிறது. கேட்க வேண்டும் என்று எழுந்த பெண்ணைப் போற்றும் கதையை எடுத்துக்கொண்டு, கேட்கவில்லை என்று எழுந்த மக்களைப் பழிப்பது கதைக்கே செய்யும் இரண்டகம் அன்றோ?

நாவலை மாற்றியதற்காக நான் வழக்காடவில்லை என்பதையும் தெளிவுபடுத்த வேண்டும். நாவலில் பாதிரியாரின் வீட்டுப் பணிப்பெண்ணாக வரும் ஹன்னா, தொடரில் அவருடைய சகோதரியாக ஆக்கப்பட்டிருக்கிறாள். இருக்கட்டும், கலைஞனுக்கு அவ்வுரிமை உண்டு. 1939ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதே நாவலைத் திரைப்படமாக்கியபோது செய்த மாற்றம் இதனினும் பெரிது. சமயக் குருவைத் தீயவராகக் காட்டுவதை அமெரிக்கத் திரைப்படத் தணிக்கை விதி ஏற்காது என்பதால், பாதிரியாரை நீக்கிவிட்டுச் சர் ஹம்ஃப்ரி பெங்கல்லன் என்னும் செல்வரைக் கயவர் தலைவராக்கினார்கள். சார்லஸ் லாட்டன் அவ்வேடத்தை ஏற்றார். அவர்தாம் தலைவர் என்பதைப் படத்தின் தொடக்கத்திலேயே வெளிப்படுத்தியும் விட்டார்கள். டு மோரியேவுக்கு அப்படம் பிடிக்கவில்லை, பிடிக்காததில் வியப்பில்லை. ஆயினும், அப்படத்தைப் பார்த்துவிட்டு ‘இது நாவலுக்கு ஒவ்வாது’ என்று ஒருவன் வாதாட முடியும். ஏன்? அவனுக்கு அது கேட்டது! கேட்ட பிழையை மறுக்கலாம். கேளாத சரியை என்ன செய்வது? விளங்காத சொல்லைக் கொண்டு மூலத்திற்கு உண்மையாய் நடந்தேன் என்பவன், முகவரி எழுதாத மடலை அஞ்சலில் சேர்த்துவிட்டுக் கடமை முடிந்தது என்பவனை ஒப்பான்.

ஆசிரியப் பெருமக்களே! ஒரு தலைமையாசிரியன் ஏன் கடல்கடந்த ஒரு தொடரைப் பற்றி இவ்வளவு சினம் கொள்கிறான் என்று நீங்கள் வினவலாம். சொல்கிறேன். இப்பிழையை நானும் செய்தவன்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு வாய்த்த விரிவுரையாளர் ஒருவர், வாய்விட்டு வாசிக்கும் பயிற்சியின்போது கடைசி வரிசைக்குச் சென்று, எங்களுக்கு முதுகு காட்டி அமர்வார். ஒரு சொல் தெளிவாக எட்டாவிட்டால் எழுதுகோலால் மேசையை ஒரு தட்டுத் தட்டுவார். ஒரு பக்கம் வாசித்து முடிப்பதற்குள் எனக்குப் பதினொரு தட்டுகள் கிடைத்தன. ‘ஐயா, மின்விசிறி இரைகிறது’ என்றேன். அவர் திரும்பாமலேயே, ‘மின்விசிறி நாளைக்கும் இரையும். நீ என்ன செய்யப் போகிறாய்?’ என்றார்.

அப்பாடத்தை நான் உடனே கற்றுக்கொள்ளவில்லை. பணியேற்ற முதலாண்டில், தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், சொல்வதெழுதுதல் நடத்தினேன். ஒரு சிறுமி ‘வாழை’யை ‘வாளை’ என்றும், ‘மழை’யை ‘மளை’ என்றும் எழுதியிருந்தாள். சிவப்பு மையால் கோடிட்டு, ‘கவனம் இல்லை’ என்று எழுதினேன். அவள் ஏட்டை வாங்கிக்கொண்டு, மிகத் தணிந்த குரலில், ‘ஐயா, நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன்’ என்றாள். நான் அவளைக் கடிந்து உட்கார வைத்தேன். அன்றிரவு தனியே அமர்ந்து அச்சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். என் நாவில் ழகரம் இல்லை. அக்குழந்தை கவனத்தோடுதான் கேட்டிருக்கிறாள். கேட்டதை நேர்மையாக எழுதியிருக்கிறாள். மறுநாள் அவ்வேட்டை வாங்கிச் சிவப்புக் கோட்டை அடித்துவிட்டு என் கையெழுத்திட்டேன். ஆனால், அதற்கு முன் எத்தனை ஏடுகளில் அக்கோடு விழுந்திருக்கும்! என்னிடம் வந்து சொல்லத் துணியாமல் எத்தனை குழந்தைகள் தம் செவியையே நொந்துகொண்டிருப்பார்கள்!

எழுத்து ஒலிகள் எங்கே, எவ்வாறு பிறக்கின்றன என்பதற்கென்றே பிறப்பியல் என்னும் ஓர் இயலைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. அதனை இலக்கணப் பகுதியாகத் தேர்வுக்குப் படித்தோம். நம் நாவுக்கு இடப்பட்ட கடமையாகப் படித்தோமா? முப்பத்தைந்து குழந்தைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் நாம் ஒவ்வொரு நாளும் கதை சொல்கிறோம்; கணக்குச் சொல்கிறோம்; கட்டளையிடுகிறோம். நமக்கு அப்பாடம் இருபதாம் முறை. குழந்தைக்கு அதுவே முதன்முறை. பி.பி.சி. தொடரில் நேர்ந்த பிழை இதுவேதான். அங்கே இரண்டாயிரம் பேர் முறையிட்டார்கள். ஒரு பெருநிறுவனம் அசைந்தது. நம் வகுப்பில் முறையிடுவோர் யார்? பத்து வயதுக் குழந்தை எங்கே சென்று எழுதிக் கொடுக்கும்? விளங்காவிட்டாலும் தலையசைப்பதே பணிவு என்று நாமே அதற்குக் கற்றுக் கொடுத்திருக்கிறோம்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒரு சொல். மேரி யெல்லன் போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்தாள். ‘கேட்கவில்லை’ என்று சொல்வது குற்றம் அன்று, பணிவின்மையும் அன்று. கை உயர்த்திக் கேளுங்கள். மறுமுறையும் விளங்காவிட்டால் மறுமுறையும் கேளுங்கள். மேடையில் நின்று பேசும் நாள் உங்களுக்கு வரும்போது, கடைசி வரிசையில் முதன்முறையாகக் கேட்கும் ஒருவன் இருக்கிறான் என்பதை மறவாதீர்கள்.

இன்றும் நான் பள்ளிச் சபைகூடலில் பேசத் தொடங்குமுன் கடைசி வரிசையைப் பார்க்கிறேன். அங்கே ஒரு பிள்ளை தலையைச் சாய்த்துக் காதைத் திருப்பினால், யாரோ மேசையைத் தட்டுவதுபோல் என் நெஞ்சில் ஒரு தட்டு விழுகிறது. பேச்சை நிறுத்துகிறேன். அச்சொல்லை மீண்டும் சொல்கிறேன்.